செவ்வாயில் ஸ்டெர்னி, மீன்சுருட்டியில் ஓர் அறிக்கை

வேற்றுக்கோள் மாந்தரைப் பற்றிய அறிவியல் புனைகதைகளில் தீவிரவாதம் என்பது பெரும்பாலும் ஓர் இனத்தின் பிறவிக்குணமாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஒரு கோள் முழுவதும் போர்வெறியர். அடுத்த கோள் முழுவதும் சாந்தசொரூபிகள். எச். ஜி. வெல்ஸ் 1898இல் செவ்வாயினரை இங்கிலாந்தில் இறக்கியபோது அவர்களுக்குள் இரு கட்சி இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தேவைப்படவில்லை. (டாஸ்மேனியப் பழங்குடியினரை ஐரோப்பியர் அழித்த கொடுமையை நூலின் தொடக்கத்திலேயே நினைவூட்டிய நேர்மை அவருக்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 1969 ஜனவரியில் 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரில் ஒரு கதை வந்தது. ஒருவனுக்கு உடலின் வலப்பாதி கறுப்பு, இடப்பாதி வெளுப்பு. மற்றவனுக்கு இடம் வலமாக மாறிக் கிடக்கும். அந்த ஒரு வேறுபாட்டுக்காக அடித்துக்கொண்டு அவர்களுடைய கோளே பிணக்காடாகிவிட்டிருக்கும். மேலை நாட்டு விமரிசகர்கள் பலர் அதை மிகை என்று சிரித்தார்கள். தெருவுக்குத் தெரு சுடுகாடு பிரிந்து கிடக்கும் ஊர்களில் வளர்ந்த நமக்குச் சிரிப்பு வருவதில்லை. எனினும் அக்கதையிலும் வெறி இருக்கிறதே தவிர, வெறி எவ்வாறு ஒரு கொள்கையாக உருப்பெறுகிறது என்ற விசாரணை இல்லை.

அவ்விசாரணையை நடத்திய நாவல் ஒன்று 1908இலேயே வெளிவந்துவிட்டது. ருஷ்யாவின் அலெக்சாந்தர் பக்தானவ் எழுதிய 'சிவப்பு நட்சத்திரம்'. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால், நம் நினைவு செவ்வாயில் நிற்காமல் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்திலுள்ள மீன்சுருட்டிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. 1985இல் அவ்வூரின் பெயரால் ஓர் அறிக்கை எழுந்தது. கொள்கை எந்தக் கட்டத்தில் தன் மக்களையே வேற்றுக்கோளினராகக் காணத் தொடங்குகிறது என்ற கேள்விக்கு, நாவலைக் காட்டிலும் இந்த வட்டாரத்தின் வரலாறு கூடுதலாக விடை வைத்திருக்கிறது என்பது நம் எண்ணம்.

முதலில் நாவல். 1905ஆம் ஆண்டுப் புரட்சியின் நடுவே லியோனித் என்ற ருஷ்யப் புரட்சிக்காரனைச் செவ்வாயினர் தங்கள் கோளுக்கு அழைத்துச் செல்கிறார்கள். அங்கே பொதுவுடைமை நிலைபெற்றுவிட்டது. அரசில்லை, கூலியில்லை. எந்த ஆலையில் எத்தனை மணிநேர உழைப்பு குறைவாக உள்ளது என்று புள்ளிவிவரப் பலகை அறிவிக்கிறது. மக்கள் தாமே அங்கு செல்கிறார்கள். முதுமையைத் தள்ளிப்போட ஒருவர்க்கொருவர் குருதியை மாற்றிக்கொள்கிறார்கள். வாசகன் கொட்டாவி விடத் தொடங்கும் இடத்தில் பக்தானவ் திரையை விலக்குகிறார். அந்தச் சொர்க்கத்தில் வளம் குறைந்துவருகிறது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்துவதை இயற்கையின்முன் தோல்வி என்று கருதி அவர்கள் மறுத்துவிட்டார்கள். எனவே வேறு கோளில் குடியேற வேண்டும். வெள்ளியா, பூமியா?

இதைத் தீர்மானிக்கக் கூடிய அவையில் ஸ்டெர்னி என்னும் கணித அறிஞன் பேசுகிறான். அவன் பேச்சில் சினமில்லை. பூமியில் குடியேறினால் பூமியினர் எதிர்ப்பார்கள். அவர்களிடம் நாட்டுப்பற்று என்றொரு நோய் இருக்கிறது. போர் முடிவற்று நீளும். அப்போரில் நம் குடியேறிகளும் கொடியவராக மாறிப்போவார்கள். பூமியிலேயே பொதுவுடைமை மலரும்வரை காத்திருக்கலாம் என்றால், அது எங்கும் ஒருசேர மலரப்போவதில்லை; சில நாடுகளில் மட்டும் மலர்ந்து, பகைவர் சூழத் தீவாகக் கிடந்து, முற்றுகையின் அழுத்தத்திலேயே உருக்குலைந்துபோகும். ஆகவே உயர்ந்த வாழ்வுக்காகத் தாழ்ந்த வாழ்வை முழுமையாக அழித்தொழிப்பதே வழி. இதுதான் அவன் வாதம். தீவாகிப்போன பொதுவுடைமை பற்றிய பகுதியைப் பிற்காலத்தவர் பலர் சோவியத் ஒன்றியத்துக்கான முன்னறிவிப்பாகவே படித்தார்கள். பகுப்பாய்வில் ஸ்டெர்னி கூர்மையானவன் என்பதை மறுக்க இயலாது.

அவனுக்கு மறுமொழி சொல்பவள் நெட்டி என்ற மருத்துவர். பூமியின் வாழ்க்கை நம்முடையதைவிடத் தாழ்ந்தது என்பதைவிட அது வேறானது. அழித்தால் அந்த வேறுபாடு திரும்பக் கிடைக்காது. அங்கே நம் தோழர்கள் போராடிக்கொண்டிருக்கிறார்கள் என்கிறாள் அவள். அவை அவள்பக்கம் சாய்கிறது; வெள்ளிக்கோள் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இவ்விடத்தில் நாவல் முடிந்திருந்தால் பிரசாரம்தான். ஆனால் அவையில் நடந்ததைப் பின்னர் பதிவிலிருந்து அறிந்துகொள்ளும் லியோனித், மனம் பேதலித்து, ஸ்டெர்னியைத் தேடிச் சென்று கொன்றுவிடுகிறான். அழித்தொழிப்புக்கு எதிராக எழுந்த முதல் கையே ஒரு கொலை செய்த கையாகிறது. பூமியினரிடம் வன்முறை ஊறியிருக்கிறது என்று ஸ்டெர்னி சொன்னதற்குச் சாட்சியும் அவனே ஆகிவிடுகிறான்.

பக்தானவ் இதைக் கற்பனையாக மட்டும் எழுதியவர் அல்லர். மருத்துவம் பயின்ற அவர் போல்ஷ்விக் பிரிவில் லெனினுக்கு நிகரான இடத்தில் இருந்தவர். 1907 மே மாதம் லண்டனில் கூடிய கட்சி மாநாடு, புரட்சிக்கென வங்கிகளைக் கொள்ளையிடும் வழக்கத்தைத் தடைசெய்தது. அடுத்த மாதமே, ஜூன் 26 அன்று, திபிலீசி நகரச் சதுக்கத்தில் வங்கிப்பணம் கொண்டுசென்ற வண்டியின்மீது குண்டுகள் வீசப்பட்டன. நாற்பது பேர்வரை மாண்டதாகச் சொல்லப்படுகிறது. களத்தில் செயல்பட்டவன் காமோ; பின்புலத்தில் ஸ்டாலின்; அதற்கும் பின்னால் லெனின், கிராசின், பக்தானவ் மூவரும் இருந்தனர் என்பது வரலாற்றாசிரியர் பலர் ஏற்கும் செய்தி. கிடைத்த பெரிய மதிப்பு நோட்டுகளின் எண்கள் காவல்துறைக்குத் தெரிந்திருந்ததால், ஐரோப்பிய நகரங்களில் மாற்ற முயன்றவர்கள் பிடிபட்டார்கள். நாவல் அச்சேறியது அதற்கு மறுவருடம். ஸ்டெர்னியின் குரலை எழுதும்போது அவர் காதில் எந்தக் குரல்கள் ஒலித்தன என்று நாம் ஊகிக்கத்தான் முடியும். 1909இல் அவர் போல்ஷ்விக் பிரிவிலிருந்து நீக்கப்பட்டார். லெனின் ஒரு முழு நூலே எழுதி அவருடைய தத்துவத்தைச் சாடினார். பின்னாளில் குருதிமாற்று ஆய்வுக்கென மாஸ்கோவில் ஒரு நிறுவனம் நிறுவி, 1928இல் ஒரு மாணவனோடு தன் குருதியை மாற்றிக்கொண்டு, அதன் விளைவாகவே இறந்தார். மாணவன் பிழைத்துக்கொண்டான். செவ்வாயினரின் வழக்கங்களில் அவர் தம் உடலில் செய்துபார்க்கத் துணிந்தது குருதி மாற்றுவதைத்தான் என்பது நமக்கு முக்கியமாகப் படுகிறது.

தமிழில் இத்தகைய விசாரணைக்கு அருகில் வந்த புனைகதை எது என்று கேட்டால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைச் சொல்லலாம். எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது அதை நாம் ஜீனோ என்ற நாய்க்காகப் படித்தோம். சர்வாதிகாரியைக் கவிழ்க்கக் கிளம்பிய கலகக்காரர்கள் அதே நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வதுதான் கதையின் கசப்பு என்பது பிறகே உறைத்தது. ஆனால் அங்கே கொள்கை ஏதுமில்லை. அதிகாரம் மட்டுமே உண்டு. கொள்கையும் அதன் விலையும் அந்த ஆண்டுகளில் விகடன் பக்கங்களுக்கு வெளியே, முந்திரிக்காடுகளுக்குள் இருந்தன.

மீன்சுருட்டி சென்னை - கும்பகோணம் நெடுஞ்சாலையில் அணைக்கரைக்கு வடக்கே இருக்கும் ஊர். சில கல் தொலைவில் ராசேந்திரன் எழுப்பிய தலைநகரம். இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழநாட்டை ஆண்ட நகரம், இன்று ஒரு கோயிலும் மாளிகைமேட்டுச் செங்கல் அடித்தளமுமாக எஞ்சி நிற்கிறது. 1985இல் இவ்வூர் ஒன்றுபட்ட திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995இல் பெரம்பலூர் மாவட்டத்துக்கும் 2007இல் அரியலூர் மாவட்டத்துக்கும் மாறியது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் காவிரிப் படுகையின் செழுமையைத் தொட்டுக்கொண்டே வானம்பார்த்த காடுகள் தொடங்குகின்றன. முந்திரியும் சிறுதானியமும் விளையும் மண்.

இந்த மண்ணுக்கு நக்சல்பாரி வந்தது ஒரு தமிழாசிரியர் வழியாக. பெண்ணாடத்தை அடுத்த சௌந்தரசோழபுரத்துப் புலவர் கலியபெருமாள். (பெண்ணாடம் சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரோடு தொடர்புடைய ஊர் என்பதைத் தமிழ் படித்தவர் எவரும் நினைவுகூராமல் இருக்க முடியாது, பதியும் பசுவும் பாசமும் பேசப்பட்ட இடத்தில் வர்க்கமும் அழித்தொழிப்பும் பேசப்பட்டன.) 1969இல் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி (மார்க்சிய-லெனினிய) தோன்றியதும் சாரு மஜும்தாரின் அறைகூவலை ஏற்றவர்களில் அவர் ஒருவர். சீனத்தின் தலைவரே எங்கள் தலைவர் என்று சுவரெழுதிய காலம் அது. வங்காளத்தில் வகுக்கப்பட்ட 'அழித்தொழிப்பு' என்ற வேலைத்திட்டம் தமிழுக்கு அதே சொல்லாக வந்தது. நிலவுடைமையாளனைத் தனியாளாகக் கொன்றால் ஊர் எழும் என்பது கணக்கு. 1970இல் புலவரின் தோப்பில் வெடிகுண்டு செய்யும்போது நேர்ந்த விபத்தில் மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். புலவர் ஒரு கொலைவழக்கில் தூக்குத்தண்டனை பெற்று, அது ஆயுள்தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1983இல்தான் வெளியே வந்தார். 2007இல் மறைந்தார்.

அவரோடு இணைந்தவர் தமிழரசன். பொன்பரப்பி வட்டாரத்துக்காரர், கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், கட்சியின் அழைப்பைக் கேட்டுப் படிப்பை விட்டவர். பல்லாண்டுச் சிறைக்குப்பின் எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிவந்தபோது அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. வங்காளத்துக் கணக்கு இம்மண்ணில் ஏன் விடைகாணவில்லை என்ற கேள்வியை அவர் எழுப்பினார். 1984இல் பெண்ணாடத்தில் கூடி, தமிழ்த்தேசிய இன விடுதலையை முன்வைத்துத் தனிக்கட்சி கண்டார்கள். அடுத்த ஆண்டு மீன்சுருட்டியில் எடுத்துக்கொண்டது சாதி.

மீன்சுருட்டி அறிக்கை என்று பெயர்பெற்ற அந்த ஆவணம், இடதுசாரி இயக்கங்களில் அன்று கேள்வியின்றி நிலவிய ஒரு நம்பிக்கையை உடைத்தது. சாதி வெறும் மேற்கட்டுமானம். உற்பத்தி உறவுகள் மாறினால் அது தானே உதிரும். அதுவரை அதைப் பற்றித் தனியே பேசுவது உழைப்பாளரைப் பிரிக்கும் என்பது அந்த நம்பிக்கை. அறிக்கை இதை ஏற்கவில்லை. சாதி ஒழிப்பு இல்லாமல் தமிழக விடுதலை இல்லை என்று இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டியது. 1968 கீழவெண்மணியில் நாற்பத்து நான்கு பேர் எரிந்தது கூலிக்கேட்பாலா, சேரியில் பிறந்ததாலா என்று பிரித்துக் கேட்க முடியாது என்பதைத் தஞ்சைக்கு வடக்கே இருந்தவர்கள் அறிந்தே இருந்தார்கள். பிற்படுத்தப்பட்டோரும் தலித்துகளும் ஒரே காட்டில் ஒரே வெயிலில் உழைத்து, மாலையில் இரண்டு தெருக்களுக்குப் பிரிந்து போகும் வட்டாரம் இது. அந்தப் பிரிவைத் தலைமறைவு வாழ்வின் நடுவே ஒரு கட்சி ஆவணத்தின் மையமாக்கியது சிறிய செயலன்று. மண்டல் குழுப் பரிந்துரையும் அம்பேத்கர் நூற்றாண்டும் சாதி பற்றிய பேச்சைப் பொதுவெளிக்குக் கொண்டுவருவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்பே நடந்தது இது.

நம் ஒப்பீட்டுக்கு வேண்டியது இதுதான். ஸ்டெர்னி பூமிக்குச் சென்று எவரிடமும் எதுவும் கேட்கவில்லை, எட்டியிருந்து அளந்தான். சாரு மஜும்தாரின் வழியும் ஏறத்தாழ அத்தகைய அளவைதான். மீன்சுருட்டியில் கூடியவர்களோ கொள்கையைத் தரையில் இறக்கிவைத்து, இங்கே யார் யாரோடு உண்பதில்லை, யார் வீதியில் யார் செருப்பணிந்து நடக்க முடியாது என்று பார்த்தார்கள். கொள்கை மக்களுக்கு மிக அருகில் வந்த தருணம் அது. ஆனால் ஆவணம் தொட்ட நோயின் இயல்புக்கும் இயக்கம் கையில் வைத்திருந்த மருந்துக்கும் பொருத்தமில்லை. சாதி ஒருவனைக் கொன்றால் போகும் எதிரியன்று. அது கொல்பவன் வீட்டு அடுக்களையிலும் இருக்கிறது. அதற்கு வேண்டியது ஆண்டுக்கணக்கில் தெருத்தெருவாக நடக்கும் வேலை. தலைமறைவுப் படைக்கு அந்தக் கால அவகாசமும் கிடையாது, பகலில் தெருவில் நடக்கும் உரிமையும் கிடையாது.

1987 மார்ச் 15 அன்று, சென்னையிலிருந்து திருச்சிக்கு வந்துகொண்டிருந்த மலைக்கோட்டை விரைவு வண்டி, அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் குண்டுவெடிப்பால் கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காயமடைந்தோர் அதைப்போல் பல மடங்கு. தமிழ்நாடு விடுதலைப் படை செய்தது என்று வழக்கு நடந்தது. மருதையாறு இவ்வட்டாரத்துக்கு ஏற்கெனவே ஒரு துயரப் பெயர்: 1956 நவம்பரில் வெள்ளத்தில் பாலம் சரிந்து தூத்துக்குடி வண்டி ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியிலிருந்து விலகியது அதனால்தான். அது மழை செய்தது. முப்பதாண்டு கழித்து அதே ஆற்றின்மேல் மனிதர் செய்தார்கள்.

பாலம் தகர்க்கப்படவிருப்பதை முன்கூட்டியே தெரிவித்தோம், வண்டியை நிறுத்தாதது அதிகாரிகளின் குற்றம் என்பது இயக்க ஆதரவாளர் கூற்று. அதை அப்படியே ஏற்றாலும் நமக்கு அமைதி கிட்டுவதில்லை. எச்சரிக்கை கேட்கப்படாவிட்டால் வண்டியில் இருப்பவர்கள் சாவார்கள் என்ற வாய்ப்பைக் கணக்கில் வைத்துத்தான் குண்டு வைக்கப்பட்டது. அந்த வண்டியின் இருக்கைகளில் இருந்தவர்கள் யார்? விடுதலை பெறவேண்டியவர்கள் என்று அறிக்கைகள் குறித்த அதே தமிழர்கள். நடுவண் அரசுக்கு ஒரு செய்தி சொல்ல அவர்கள் எழுத்துகளாகப் பயன்பட்டார்கள். ஸ்டெர்னியாவது வேற்றுக்கோளினரைப் பற்றித்தான் அப்படிப் பேசினான்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 1ஆம் நாள் பொன்பரப்பியில் பாரத ஸ்டேட் வங்கியில் பணம் எடுக்கத் தமிழரசனும் தோழர் நால்வரும் வந்தார்கள். கொள்ளையர் என்ற கூச்சல் எழுந்தது. ஊர் திரண்டது. ஐவரும் கல்லாலும் தடியாலும் அடித்துக் கொல்லப்பட்டார்கள். கையில் துப்பாக்கி இருந்தும் மக்களைச் சுடமாட்டோம் என்று அவர்கள் சுடவில்லை என்றும், கூட்டத்துக்குள் மாற்றுடையில் காவலர் இருந்து தூண்டிவிட்டனர் என்றும் தோழர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். காவல்துறையின் கணக்கில் அது பொதுமக்கள் கொள்ளையரைத் தடுத்த நிகழ்ச்சி. இரண்டாவது கூற்றைச் சோதிக்கும் சான்றுகள் நம் கையில் இல்லை. முதலாவதை நாம் நம்புகிறோம், ஏனெனில் ஐந்து ஆயுதபாணிகள் வெறுங்கைக் கூட்டத்தின் நடுவே இறந்துகிடந்ததற்கு வேறு விளக்கம் எளிதில் கிடைப்பதில்லை.

நம்பினால் ஒரு விந்தை எஞ்சுகிறது. கண்ணெதிரே நின்றவரைச் சுட மறுத்தவர்களின் இயக்கமே கண்ணுக்குத் தெரியாத பயணிகளின் வண்டிக்குக் கீழே குண்டு வைத்தது. முகம் தெரிந்தவுடன் நெட்டியாகவும், தொலைவில் இருக்கும்வரை ஸ்டெர்னியாகவும் ஒரே கொள்கை இருவகையாக நடந்துகொண்டது. பொன்பரப்பி மக்களுக்கும் அன்று வந்த ஐவர் முகமற்றவர்களே. தங்கள் வட்டாரத்துப் பிள்ளையைத்தான் அடிக்கிறோம் என்பது அடித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? தலைமறைவு அவரைக் காவல்துறையிடமிருந்து மட்டும் மறைக்கவில்லை. சாதியைப் பற்றி அந்த ஊருக்குச் சொல்ல அவரிடம் ஓர் அறிக்கையே இருந்தது. ஊர் அதைப் படித்திருக்கவில்லை.

அவருக்குப்பின் படை சிதறியது. 2000இல் வீரப்பன் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தியபோது அதன் மிச்சசொச்சம் காட்டில் தலைகாட்டியது. 2002இல் பொடா சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டது. வெற்றிமாறனின் 'விடுதலை' படங்களில் (2023, 2024) இந்த வரலாற்றின் சாயலைக் கண்டவர்கள் பலர். இளைஞர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு வந்து துப்பாக்கியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மீன்சுருட்டியில் எழுந்த சாதி பற்றிய வாதத்தை ஒருவரும் கேட்கவில்லை. சினிமாவைக் குறைசொல்லிப் பயனில்லை. வாதத்தைப் படம்பிடிப்பது கடினம்.

பொன்பரப்பிச் சாவு நிகழ்ந்த அதே செப்டம்பரில், 17 முதல் 23 வரை, வன்னியர் இட ஒதுக்கீட்டுக்கான சாலைமறியல் வடதமிழகத்தை நிறுத்தியது. இருபத்தொருவர் அதில் உயிரிழந்தார்கள். சாதியின் பெயரால் மக்களைப் பல்லாயிரக்கணக்கில் தெருவுக்குக் கொண்டுவர முடியும் என்பது அந்த வாரத்தில் தெரிந்தது. சாதியை ஒழிக்கவேண்டும் என்று எழுதியவர்களின் பின்னால் இரண்டு வாரங்களுக்கு முன்பு ஐந்துபேர்கூட மிஞ்சவில்லை.

2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். பொன்பரப்பியில் பானைச் சின்னம் குறித்து எழுந்த தகராறு தலித் குடியிருப்பின்மீது தாக்குதலாக வளர்ந்தது. வீடுகள் உடைக்கப்பட்டன, பலர் காயமுற்றனர். 1987 செப்டம்பரில் ஊர் ஒன்றாகத் திரண்ட அதே பொன்பரப்பிதான்.